பன்னிரண்டு டப்பாக்கள்

மார்ச் 18

ஆய்வு வேலைக்கான பயிற்சி முடிந்தது. மூன்று நாள் ஏசி அறையில் உட்காரவைத்துச் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, ஆனாலும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு. இலங்கையில் வயலில் இறங்குகிறவர்களுக்கு. ஆந்திராவில் முந்திரித் தோப்புப் பக்கம். ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வெயிலா, குடிக்காத தண்ணீரா, குடித்த தண்ணீரா, வலி மாத்திரையா, எல்லாம் சேர்ந்தா. தெரியாது என்பதை டாக்டர் நிரஞ்சனா மேடம் தயங்காமல் சொன்னார். அது பிடித்திருந்தது.

உப்பளத்தில் உறவுக்காரர்கள் யாருக்காவது இருக்கிறார்களா என்று கேட்டார். நான் மட்டும் கை தூக்கினேன். அம்மா உலகம்மாள் உப்புச் சுமக்கிறாள். நானும் பள்ளி விடுமுறைகளில், பிறகு காலேஜ் விடுமுறைகளில் சுமந்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இந்த வேலை என்று களப்பணியைக் கவனிக்கும் விவேக் சார் சொன்னார். "சுபிதா போனா அவங்க கதவைத் திறப்பாங்க."

உப்பளத்தில் கதவு கிடையாது. அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை போல.

மார்ச் 21

ரத்த அழுத்த மிஷினை வீட்டில் பழகிப் பார்த்தேன். அம்மாவுக்கு 130/80. எனக்கு 164/102. பாட்டரி மாற்றினேன். 168. மிஷின் சரியில்லை. மாற்றித் தரச் சொல்ல வேண்டும்.

ரேஷனில் துவரம்பருப்பு வரவில்லை.

மார்ச் 22

விவேக் சார் தன் கையில் மாட்டிப் பார்த்தார். 118/76. "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தந்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போதாது. அவ்வளவுதான்.

மார்ச் 27

இன்று அளத்துக்குப் போனேன். பெயர் எழுதும் வேலை. அம்மா இருக்கும் கூட்டத்தில் பன்னிரண்டு பெண்கள். இருட்டிலேயே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் உப்பை அள்ளி அம்பாரத்தில் கொட்டிவிட வேண்டும். ஒருத்தி நிரப்ப, ஒருத்தி தூக்கிவிட, மற்றவர்கள் வரிசையாகச் சுமந்து போகிறார்கள். வரிசை நின்றால் எல்லாம் நிற்கும்.

கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தியும் வரப்பும்தான். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஒருத்திக்கு ஒண்ணுக்கு வந்தால், பம்பு செட்டில் சுருட்டி வைத்திருக்கும் பழைய சேலையை இரண்டு பேர் விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அதற்கு மறைப்பு என்று பெயர். ஒருத்தி போனால் மூன்று பேர் வேலை நிற்கும். கணக்கப்பிள்ளை தவசிமுத்து அங்கிருந்தே கத்துவார். அதனால் யாரும் போவதில்லை. போகாமல் இருக்க யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆய்வு என்று இத்தனை பேர் கிளம்பி வந்திருக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு காலை போதும்.

பேச்சியம்மாள்தான் அந்தக் கூட்டத்துக்கு மூத்தவள். என் கழுத்து அட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"போன வருசம் என்கூட கூடை தூக்குன. இப்ப என்னத்தட்டி மாட்டிட்டு வந்திருக்க?"

"அடையாள அட்டை, பெரியம்மை."

"எங்களுக்கு ஒன்னைய அடையாளம் தெரியாதாக்கும்?"

டப்பாக்களைக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு நாள், காலையில் எழுந்ததும் முதலில் போவதை இதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்றேன்.

"வீட்டுல மாமனாரு வாசல அடைச்சிப் படுத்திருக்காரு. ஆட்டோல எட்டு ஆம்பளைய. அவ்வள பேரு மத்தியில மூத்திரத்த ஏந்திக்கிட்டு வரச் சொல்லுதியா?" என்றாள் முத்துக்கிளி அக்கா.

"பைக்குள்ள வச்சிக்கிடலாம்க்கா."

"எங்கன, தூக்குச்சட்டி பக்கத்துலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். பேச்சியம்மாள் மட்டும் டப்பாவை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எங்க மூத்திரத்த வச்சி எத்தன பேருட்டி டாக்டராவிய?"

ஏப்ரல் 2

நாளைக்குச் சேகரிப்பு. வாசலில் செருப்பை மாட்டினால் வார் இறுக்குகிறது. வெயிலில் ரப்பர் சுருங்குமா தெரியவில்லை.

ஏப்ரல் 3

பன்னிரண்டு டப்பாவும் காலியாக வந்தன.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முத்துக்கிளி அக்கா டப்பாவில் ஊறுகாய் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், கழுவித் தந்தாள். இப்போதாவது கொடுங்கள் என்றேன். விடியுமுன் வீட்டில் போனதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு மிடறு குடித்தவர்கள் இல்லை. எதைக் கொடுப்பார்கள்.

விவேக் சார் போனில் சொன்னார். "வண்டி கிளம்பிருச்சு. பன்னிரண்டும் வரலைன்னா இந்த அளத்தையே ஆய்வுல இருந்து எடுத்துருவாங்க. உன் காண்ட்ராக்ட்டும் இந்த அளத்துக்குத்தான் போட்டிருக்கு, பாத்துக்கோ."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லாரும் கேட்டார்கள்.

பேச்சியம்மாள் என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். "நீதான் வந்ததுல இருந்து மாடு மாதிரி குடிச்சிக்கிட்டிருக்க. ஒனக்கு முட்டிக்கிட்டுத்தான் இருக்கும். நீயே எல்லாத்துலயும் ஊத்திக் குடுத்துரு."

"அது தப்பு பெரியம்மை."

"எது தப்பு? படிச்ச பிள்ள, நெழல்ல இருக்க, ஒனக்கு என்ன நோவு? ஒன்னோடதுன்னா எல்லாருக்கும் சொகம்னு வரும். எவ சோலிக்கும் பங்கம் வராது. சோலி நிக்குது, சீக்கிரம்."

மறைப்பை அம்மா ஒரு முனையிலும் பேச்சியம்மாள் ஒரு முனையிலும் பிடித்தார்கள். நான் முடித்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் மேலே நுரை நின்றது. ஊற்றியதால் இருக்கும். மூடி போட்டு, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். வண்டி வந்து எடுத்துப் போனது.

அம்மா திரும்பி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 4

தலைவலி. ஒரு மாத்திரை போட்டேன். அம்மாவுக்குத் தோள்வலி, அவளும் போட்டாள். ஒரே அட்டை. பெட்டிக்கடையில் சில்லறைக்குப் பதிலாகக்கூட இதைத்தான் தருகிறான்.

ஏப்ரல் 11

முடிவு வந்தது. பன்னிரண்டிலும் புரதம். மூன்று பிளஸ்.

விவேக் சார் நாற்காலியில் உட்காரவே இல்லை. "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இந்த மாதிரி எங்கேயும் வந்ததில்ல. புரியுதா உனக்கு?"

நிரஞ்சனா மேடம் சென்னையிலிருந்து போனில் பேசினார். அவர் சந்தோஷப்படவில்லை. "வெயில்ல வர்ற இந்த நோயில புரதம் இவ்வளவு ஒழுகாதே. ரத்தத்துலதான் முதல்ல தெரியும். சிறுநீர் ரொம்ப நாள் நல்லாவே இருக்கும். இது வேற ஏதோ. எல்லாரும் சேர்ந்து ஏதாவது ஒண்ணைக் குடிக்கிறாங்களா, சுபிதா?"

"ஒன்றும் குடிப்பதில்லை மேடம்" என்றேன். அது உண்மை.

என் பையில் பரிசோதனைப் பட்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. சிறுநீரில் தொட்டால் மஞ்சள் பட்டை பச்சையாகும், புரதம் இருந்தால். பையைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 12

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஏப்ரல் 16

முதலாளிக்கு முடிவைச் சொல்லிவிட்டார் விவேக் சார். "ஒத்துழைப்பு வேணும்ல, அதான்" என்றார். பெண்களிடம் சொல்வதற்கு முன்னால் முதலாளியிடம். அது அவருக்குத் தப்பாகவே படவில்லை.

காலையில் ஆட்டோவை விட்டு இறங்கியவர்களைத் தவசிமுத்து வரப்பிலேயே நிறுத்திவிட்டார். அம்மா வந்து சொன்னாள். தூக்குச்சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

"கிட்னி கெட்டவளுவ இனி வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாவளாம். நாளைக்கு ஒருத்தி பாத்தில விழுந்து செத்தா யாரு பதில் சொல்லன்னு கேக்கான்."

"பன்னிரண்டு பேரையுமா?"

"ஆமா."

பிறகு கஞ்சியை இரண்டு பேரும் குடித்தோம். உப்பு இல்லை. யாரும் எடுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 17

பேச்சியம்மாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க பன்னெண்டு பேருக்கும் நோவுன்னு சொல்லி வெளிய தள்ளிட்டான். எங்க மூத்திரமாட்டி அது?"

"லேப்ல தப்பா இருக்கும்."

"பன்னெண்டும் தப்பாகுமா? ஒண்ணு ரெண்டு மாறும். பன்னெண்டும் ஒண்ணுபோல வந்திருக்குன்னு அந்தத் தவசிமுத்தே சொல்லுதான். எட்டாங்கிளாஸ் பெயிலு அவன். அவனுக்கே வெளங்குது, ஒனக்கு வெளங்கலையா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிய?"

"போய்ச் சொல்லு. அது என்னோடதுன்னு சொல்லு. எங்க பிழைப்ப எங்களுக்கு வாங்கிக் குடு. உலகம்மா மவளாச்சேன்னுதான் இன்னும் நாங்க யாரும் வாயத் தொறக்கல."

"சொன்னா என் வேலை போயிரும்."

"போவட்டும். எங்களது போகலையா?" வாசலில் இறங்கினாள். என் காலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரல் இறங்கியது.

"எங்க சோலி கெடக்கட்டும். ஒனக்கு என்னட்டி இருக்கு?"

 அவள் போனதும் குடத்தைக் கழுவி வைத்தேன். கழுவிய குடம்தான் அது.

ஏப்ரல் 20

அம்மா என் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். அவளுடையது ஒரு அளவு பெரியது. அதை வாசலில் விட்டிருந்தாள்.

போட்டுப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 22

பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கரும்பச்சை.

ஏப்ரல் 24

நிரஞ்சனா மேடம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அளத்துத் தண்ணீரை எடுத்துச் சோதிக்க ஆட்களோடு வந்திருந்தார். ஒரு வாரம் தங்கப்போகிறார்களாம், ஓட்டலில். ஒரு ஓட்டல் அறையின் வாடகையில் அளத்தில் ஒரு தகர மறைவு கட்டியிருக்கலாம். இதை விவேக் சாரிடம் முன்பே கேட்டிருக்கிறேன். "கழிப்பறை நம்ம பட்ஜெட்ல வராது, நாம ஆராய்ச்சிதான் பண்றோம்" என்றார்.

மேடம் தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன்.

"பன்னிரண்டும் என்னுடையது மேடம்."

அவர் புரியாமல் பார்த்தார். திரும்பவும் சொன்னேன். ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை, ஒருத்தியிடமும் சிறுநீர் இல்லை, நான்தான் எல்லாவற்றையும் நிரப்பினேன் என்று.

கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"காலைக் காட்டு."

முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி, எடுத்தார். குழி அப்படியே நின்றது. இரண்டு பேரும் அது நிரம்புவதற்காகக் காத்திருந்தோம். நிரம்பவில்லை.

"எவ்வளவு நாளா இந்தக் காலோட நடக்கிற?"

"செருப்பு சின்னதுன்னு நெனச்சேன்."

"ரத்த அழுத்தம்?"

"மிஷின் ரிப்பேர்னு நெனச்சேன்."

மேடம் எதையும் எழுதவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பன்னிரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு. எனக்குத் தோணியிருக்கணும். புதுசா ஏதோ கண்டுபிடிச்சிட்டோம்னு நினைக்க ஆசைப்பட்டுட்டேன்."

ஏப்ரல் 26

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விவேக் சார் ஒரு தாளை நீட்டி ஒழுங்கீனம் என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினார். "உன்னை நம்பினேன் சுபிதா" என்றார். பன்னிரண்டு பேரின் நோயை முதலாளியிடம் சொன்னதற்கு எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். "அது வேற" என்றார்.

அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். பரிசோதனைப் பட்டைகளையும். ஒன்று குறைந்தது, கேட்கவில்லை.

மே 6

ஊராட்சிப் பள்ளியில் மறுபரிசோதனை. மேடம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே பூட்டுப் போடாத கழிப்பறை இருக்கிறது. பெண்கள் வந்ததும் முதலில் தண்ணீர் கொடுத்தார். குடித்து, உட்கார்ந்து, பேசி, பிறகு டப்பா. இந்த முறை ரத்தமும். யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இவ்வளவுதான் வேண்டியிருந்தது, ஒரு கதவும் ஒரு குவளையும்.

எனக்கு அங்கே வேலை இல்லை. வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டிப் போன பன்னிரண்டு பேரில் அம்மா மட்டும் பார்த்தாள்.

மே 9

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டுச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்தார்கள். நாள் முழுக்க மல்லாந்து கிடக்க வேண்டும். காற்றாடிக்கு மூன்று இறக்கை, ஒன்று வளைந்தது.

மே 13

பள்ளியில் எடுத்ததன் முடிவு. பெரும்பாலும் எல்லாருடைய சிறுநீரும் சுத்தம். ஆனால் ரத்தத்தில் மூன்று பேருக்குக் கிரியாட்டினின் கூடியிருக்கிறது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பேச்சியம்மாள், முத்துக்கிளி அக்கா, அம்மா.

மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு அவங்க ஒழுங்கா சிறுநீர் கொடுத்திருந்தா, எல்லாரும் நலம்னு எழுதிட்டுப் போயிருப்போம். சிறுநீர் மட்டும் பார்த்தா போதும், செலவு குறைவுன்னு திட்டம் போட்டது நாங்கதான். தப்பான வலையைப் போட்டிருக்கோம்."

எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமே செய்யலியட்டி. நல்லாத்தானே சொமக்கேன்."

"இப்ப ஒண்ணும் செய்யாது. அதான் இந்த நோவு."

"அப்ப எப்ப செய்யும்?"

கடுகு தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். டப்பாவில் பாதி இருந்தது, பிறகு பார்த்தேன்.

மே 22

என் முடிவு. என்னுடையது உப்பளத்து நோய் இல்லை. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தின் வடிகட்டியில் போய்ப் படிந்து அதைக் கெடுக்கிறது. அதற்குப் பெயர் இருக்கிறது. மருந்து இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், புது மருந்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. அம்மாவின் நோய்க்குப் பெயரே 'காரணம் தெரியாத' என்றுதான் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. இன்னொன்று வெளியே வாங்க வேண்டும். சர்க்கரைக்கென்று வந்தது, சிறுநீரகம் கெடுவதையும் தள்ளிப்போடுகிறதாம். கொஞ்ச நாள் முன்னால் வரை எங்களால் நினைத்தே பார்க்க முடியாத விலை, இப்போது பல கம்பெனிகள் செய்வதால் இறங்கியிருக்கிறது.

"அதே மாத்திரைய அம்மாவுக்கும் குடுக்கலாமா மேடம்?"

"கொடுக்கலாம். கொடுக்கத்தான் போறேன். ஆனா அவங்களுக்கு எவ்வளவு கேட்கும்னு உறுதியா சொல்ல முடியாது. அந்தச் சோதனைகள்ல வெயில்ல வேலை செய்றவங்க யாரையும் சேர்க்கல."

"ஏன்?"

"யாரும் யோசிக்கல."

அம்மாவுக்கு மேடம் சொன்னவை: வலி மாத்திரை கூடாது. உச்சி வெயிலில் நிற்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து கேட்டாள்.

"நெழலுக்கு எங்க போவ? குடிச்சா எங்க போய் இருக்க? அந்தப் பிள்ள நல்ல பிள்ள. ஆனா அளத்தப் பாத்ததில்ல போல."

"பாத்திருக்காவம்மா."

"ஜீப்புக்குள்ள இருந்தா?"

ஜூன் 3

தவசிமுத்து ஒன்பது பேரைத் திரும்பக் கூப்பிட்டார். மூன்று பேரைக் கூப்பிடவில்லை. முடிவு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. இந்த முறை தான் சொல்லவில்லை என்கிறார் விவேக் சார்.

ஜூன் 5

மூன்று பேரும் வேறு அளத்துக்குப் போகிறார்கள், ஆற்றுப்பாலம் தாண்டி. இங்கே வேலை செய்ததை அங்கே சொல்லவில்லை. ஆய்வு எதுவும் அங்கே இன்னும் வரவில்லை.

போகாதே என்று சொன்னேன். அம்மா சண்டை போடவில்லை. "எனக்குப் பதிலா நீ போறியா?" என்று மட்டும் கேட்டாள். நான் இப்போது ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். அதை வைத்து என் மாத்திரை வாங்கலாம். அரிசி அவள் வாங்க வேண்டும்.

தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டேன். சாயங்காலம் நிறைந்தே வந்தது.

ஜூன் 19

பாட்டில் பாதி காலியாக வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 10

ஆஸ்பத்திரி. என் முறை வருவதற்குள் டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மிஷினுக்குக் காசு வாங்குவதில்லை, அது பெரிய விஷயம்தான். அப்பா காலத்தில் அதுவும் இல்லை. அவர் கால் வீங்கி, மூச்சு முட்டி, வீட்டிலேயே போனார். சூடு என்று சொல்லி இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவரும் அளத்து ஆள்தான்.

ஆனால் வாரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறி வர வேண்டும். வருகிறவர் எந்த வேலைக்குப் போவார். உடன் வருகிறவர் எந்த வேலைக்குப் போவார். அடுத்த பெஞ்சில் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள். வாங்கிக்கொள்ள வந்தவர்கள் ஐந்து பேர், எல்லாரும் ஆண்கள். கொடுக்க வந்தவர்கள் மனைவி, அம்மா, அக்கா. ஒரு பெண் டயாலிசிஸ் முடித்துத் தனியாக வந்து தனியாக வெளியே போனாள். அவளுக்கு யார் கொடுப்பது என்று அந்த வராந்தாவில் ஒரு பேச்சும் இல்லை.

என் ரத்த அழுத்தம் 138/86. மிஷின் நல்ல மிஷின்.

ஜூலை 25

மேடம் ஆய்வின் முதல் அறிக்கையை அனுப்பியிருந்தார். நான் கேட்டதற்காக அனுப்பினார். கழிப்பறையும் நிழலும் இல்லாமல் இந்த ஆய்வைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்று ஒரு பத்தி இருக்கிறது. முதலாளிகள் படிப்பார்களா தெரியாது, ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: நீக்கப்பட்ட மாதிரிகள், பன்னிரண்டு.

அது நான்.

ஆகஸ்ட் 7

மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் கூடுதலாகவே இருந்தால்தான் நிரந்தர நோய் என்று எழுத முடியும். அதற்கு மேடத்துக்கு அந்த மூன்று பேரும் வேண்டும். எந்த அளத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். எனக்கும் இன்று சோதனை நாள். ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்றார்.

என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பெண்ணோடு ஆட்டோவில் போனேன். விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கழுத்தில் அட்டை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக வெள்ளையாக இருக்கிறதே, அழகாக இருக்கிறதே என்றாள். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் மூன்று பேரும் டீக்கு விடும் நேரத்தில் ஓடைப் பாலத்துக்குக் கீழே வந்து நின்றார்கள். இந்த அளத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

ஏப்ரலுக்குப் பிறகு பேச்சியம்மாளின் எதிரே நிற்பது இதுதான் முதல் தடவை. முகம் கறுத்திருந்தது. என்னிடம் பேசவில்லை. புதுப் பெண்ணிடம் கையை நீட்டினாள்.

"சீக்கிரம் குத்து தாயி. சங்கு ஊதிருவான்."

மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தாள். என்னிடமும். பிறகு நான்கு டப்பாக்களை எடுத்து நீட்டினாள்.

"காலையில வீட்டுலயே பிடிச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முத்துக்கிளி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாலம் ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் அளம் முழுக்கத் தெரியும். பேச்சியம்மாள் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தாள். பழைய அளத்து மறைப்பு. அங்கிருந்து வரும்போது கொண்டுவந்துவிட்டாள். அவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இரண்டு பேர் பிடிக்க, ஒருத்தி உள்ளே. கொஞ்சம்தான் வந்தது, ஆனால் வந்தது. மூன்று டப்பாவும் பெட்டிக்குள் போயின.

நான் டப்பாவோடு நின்றேன். ஆஸ்பத்திரியில் போய்க் கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சியம்மாள் சேலையை மடிக்கத் தொடங்கியிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"வாட்டி" என்றாள். "இன்னைக்கு ஒண்ணுதானே?"

புதுப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒண்ணுதான், பெரியம்மை."

அம்மா ஒரு முனையைப் பிடித்தாள், பேச்சியம்மாள் ஒரு முனையை. இரண்டு பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். உள்ளே உட்கார்ந்தேன். துணி நைந்து போயிருந்தது, அங்கங்கே வெயில் தெரிந்தது. டப்பாவில் நுரை நின்றது, முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. மேலே சங்கு ஊதினார்கள்.

"முடிஞ்சிதா?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

மூடியைத் திருகி, என் பெயரை எழுதினேன்.